அந்தோணியாருக்கு நேர்ந்த சக்கரம்

கேண்டீனில் குவாலிச் சட்டிகளையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, தோள்பட்டை கழன்று விழுகிற வலியோடு டொரத்தி வீட்டுக்கு வந்தபோது போர்ச்சில் கப்சாயைக் காணவில்லை. ஜொகூரில் பாதி சனம் வேலைக்குப் போவது கப்சாய் என்கிற அந்தச் சின்ன மோட்டாரில்தான். ரபேலின் கப்சாய் ஒரே இடத்தில் நின்று எண்ணெய் சொட்டிச் சொட்டி, சிமெண்டுத் தரையில் ஒரு கறுப்பு வட்டமே போட்டிருந்தது. இப்போது அந்த வட்டத்தின் மேல் ஒரு குட்டி ஸ்கூட்டர் நின்றது. கட்டையான உடம்பு, மூடி கீடி எதுவும் கிடையாது, கம்பியெல்லாம் வெளியே தெரிந்தது, டயர் மட்டும் தடித்தடியாக இருந்தது. முன்னால் இரண்டு உருண்டை விளக்குகள். தப்பு செய்தவர் உள்ளே சாவகாசமாக உட்கார்ந்திருக்க, இதுதான் திருதிருவென்று முழித்தது.

உள்ளே அவள் வீட்டுக்காரர் ரபேல் வலது காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலில் கடைசி இரண்டு விரல்கள் கிடையாது. சீனி வியாதி போன கிறிஸ்மஸுக்குக் கொடுத்த பரிசு அது. வெட்டிய இடம் இன்னமும் முழுசாக ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் அளவெடுத்துக் கொடுத்த தடித்த சப்பாத்து கதவோரம் புதுசு கலையாமல் கிடந்தது. ரபேல் வெளியே போனால் ஜப்பான் சிலிப்பர்தான்.

"கப்சாய் எங்க?"

"ஹேமநாதன் பட்டறையில மாத்திக்கிட்டேன். அது பழசாயிருச்சி லா."

"நீங்களும்தான் பழசாயிட்டீங்க. உங்கள யாருகிட்ட மாத்துறது?"

ரபேல் சிரித்தார். "கால் பிரேக்கு தொந்தரவா இருந்துச்சி டொரத்தி. இதுல காலுக்கு வேலையே இல்ல. ரெண்டு பிரேக்கும் கையில. காலச் சும்மா பலகையில வச்சிக்கிட்டு ராஜா மாதிரி போகலாம். நீதானே சொன்ன, காலப் பாத்துக்குங்கன்னு."

"நான் மோட்டாரே ஓட்டாதீங்கன்னு சொன்னேன். வேற மோட்டார் வாங்குங்கன்னா சொன்னேன்?"

"பசாருக்குப் போக வர வேணாமா?"

"பசாருக்கு எதுக்கு இவ்ளோ தடி டயரு? கோழி வாங்கப் போறீங்களா, கோழி புடிக்கப் போறீங்களா?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அப்போதுதான் டொரத்திக்கு உறைத்தது. மே மாதம் முடியப் போகிறது. ஜூனில் அந்தோணியார் திருநாள். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இல்ல. நீங்க இந்த வருஷம் தூக்கப் போறதில்ல."

டிவியில் யாரோ கண்ணாடி ஜன்னல் விற்றுக்கொண்டிருந்தார்கள். ரபேல் அதையே கண்கொட்டாமல் பார்த்தார்.

உலகத்தில் யார் யாரோ எதை எதையோ புனிதர்களுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். மெழுகுவர்த்தி கொளுத்துகிறவர்கள் உண்டு, மொட்டை போடுகிறவர்கள் உண்டு, ரொட்டி கொடுக்கிறவர்கள் உண்டு. அந்தோணியாருக்கு மோட்டார் சக்கரத்தைத் தூக்கிக் காட்டுவதாக நேர்ந்துகொண்ட ஒரே பிறவி ரபேலாகத்தான் இருக்க வேண்டும். மகள் ஜோஆன் கைப்பிள்ளையாக இருந்தபோது டெங்கிக் காய்ச்சலில் விழுந்தாள். டொரத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் இடுப்பொடியக் கிடந்தாள். பிள்ளையின் அப்பா கப்சாயை எடுத்துக்கொண்டு செடெனாக்குக்கு உள்ளே, பழைய தோட்டத்தில் இருக்கும் அந்தோணியார் சிற்றாலயத்துக்குப் போனார். அப்போது அவருக்கு ஒழுங்காக ஒரு ஜெபம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: ஓடுகிற மோட்டாரின் முன் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு பின் சக்கரத்திலேயே போவது. ரோட்டில் மோட்டார் வித்தை காட்டும் ரெம்பிட் கூட்டத்தில் அதற்கு அவர் பேர் போனவர். பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் உங்க திருநாளுக்கு உங்க முன்னால தூக்கிக் காட்டுறேன் என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்துவிட்டது. அந்தோணியாரும் பாவம், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து திருநாள் பூசை முடிந்து, சப்பரம் ஆலயத்தைச் சுற்றி வந்து நின்றதும், சாப்பாட்டுக்கு முன்னால் 'ரபேல் தூக்குறது' என்று ஒன்று சேர்ந்துகொண்டது. தோட்டத்தை விட்டுச் சிதறிப்போன சனமெல்லாம் அன்றைக்கு வரும். பூசைக்குப் பிந்தி வருகிறவர்கள்கூட இதற்குப் பிந்தமாட்டார்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து கப்சாய் சீறிக்கொண்டு வரும். சொரூபத்துக்கு நேரே வந்ததும் மூக்கு மேலே போகும், கும்பல் ஓவென்று கத்தும், டொரத்தி தால்சாக் குழம்பு அண்டாவுக்குள் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு வருஷம்கூட அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான்கு சக்கரத்தில் ரபேலைப் போல் நிதானமான ஆளைப் பார்க்க முடியாது. கூலாயிலிருந்து பாசிர் கூடாங்குக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். இரவு வேலை முடித்து வரும் பெண்கள் தூங்கி வழிவார்கள் என்று பள்ளத்தைக்கூட மெல்லத்தான் இறக்குவார். விரலை வெட்டியதும் அந்த வேலை போயிற்று. கேட்டவர்களிடம், "போர் அடிச்சிருச்சி, விட்டுட்டேன்" என்றார். இப்போது அதே கம்பெனியின் யார்டில் பஸ் கழுவுகிறார். அதைக் கேட்டால் "குளுகுளுன்னு இருக்கு" என்பார். முடியவில்லை என்கிற ஒரு சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. ஆஸ்பத்திரியில் வலிக்கிறதா, நடக்க முடிகிறதா என்று கேட்ட டாக்டரம்மாவிடமே, "ஓக்கே ஓக்கே" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள்.

அந்த டாக்டரம்மா டொரத்தியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். காயம் மறுபடி திறந்து சீழ் வைத்தால் இனி விரல் கதையெல்லாம் இல்லை, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்று. அன்றிலிருந்து டொரத்தி ராத்திரி ராத்திரி அந்தக் காலைக் கழுவித் துடைத்துக் கட்டுப் போடுகிறாள். ஒரு பிள்ளை பெற்று வளர்த்தாள். இப்போது இரண்டாவதாக ஒரு காலை வளர்க்கிறாள்.

எல்வினை நினைத்தாலாவது புத்தி வர வேண்டாமா? ரபேலோடு சேர்ந்து மோட்டார் தூக்கியவன்தான் எல்வின். ஒரு மழை நாளில் பின்னால் சாய்ந்து விழுந்தவன், ஆயர் ஈத்தாமில் அக்காள் வீட்டில், கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் இன்றைக்கும் படுத்தே கிடக்கிறான். கிறிஸ்மஸுக்கு ரபேல் போய் அவனுக்குக் கேக் ஊட்டிவிட்டு வருவார். திரும்பி வரும்போது கண் கலங்கியிருக்கும். அடுத்த ஜூனில் மறுபடி தூக்குவார். இந்த மனிதருக்கு எந்தப் பாஷையில் சொல்வது என்று டொரத்திக்குத் தெரியவில்லை. தமிழில் சொல்லியாயிற்று, மலாயில் திட்டியாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் ஃபாதர் கில்பர்ட்டைப் பிடித்தாள். மூவாரிலிருந்து வந்த சின்ன வயசு சாமியார். காப்பிக் கோப்பையும் கையுமாக நின்றார்.

"ஃபாதர், ஒரு நேர்த்திய மாத்த முடியுமா?"

"முடியுமே. மோட்டார் நேர்த்தியா?"

"உங்களுக்கும் தெரியுமா?"

"நான் இங்க மாறி வந்த அன்னிக்கே வீடியோ காட்டிட்டாங்க சிஸ்டர்." சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மாத்திக்கலாம். ஏழைகளுக்குச் சாப்பாடு போடலாம், ரொட்டி குடுக்கலாம். ஆனா வேண்டிக்கிட்டவருதான் வந்து கேக்கணும். நீங்க கேட்டா ஆகாது."

"அவரு கேக்கமாட்டாரு ஃபாதர். செத்தாலும் கேக்கமாட்டாரு."

"அப்ப நான் ஒரு வார்த்த பேசிப் பாக்குறேன்."

பேசினார். ரபேல் பணிவாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, கடைசியில், "ரொட்டியும் குடுத்துர்றேன் ஃபாதர்" என்றாராம். ரொட்டியும்! டொரத்திக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்துப் பார்த்தாள். இரண்டாவது சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. திருநாளில் மைக் பிடிக்கும் கமலநாதனுக்குப் போன் போட்டாள். அவர் முருகன் கோயில் ஆள். ஆனாலும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்பதால் அந்தோணியார் திருநாளுக்கு அவர் குரல்தான்.

"இந்த வருஷம் அவரக் கூப்பிடாதீங்க அண்ணே. காலு சரியில்ல."

"அலமாக், குரூப்புல போட்டுட்டேனே தங்கச்சி. புது மோட்டாருன்னு போட்டோவே அனுப்பிட்டாரு அவரு. கோத்தா திங்கியிலேருந்துகூட வர்றாங்களாம்."

"கோத்தா திங்கிக்காரங்க வந்து அவரு கால ஒட்ட வைப்பாங்களா?"

"கோவிச்சிக்காத லா. அண்ணன் ஒரு தடவ சும்மா லேசா தூக்கிட்டு விட்டுட்டா போதும்."

லேசாகத் தூக்குவதாம். இதில் லேசு என்று ஒன்று இருக்கிறதா?

மகள் ஜோஆன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் போன் போயிற்று. ஸ்பீக்கரில் போட்டு ரபேலின் பக்கத்தில் வைத்தாள் டொரத்தி.

"டேடி, நான் கேட்டேனா? டெங்கி வந்தது எனக்கு. நான் வேணாங்கிறேன். ஃபினிஷ்."

"உனக்கு அப்ப பேசவே தெரியாது பாப்பா. உன்கிட்ட கேட்டா நேர்ந்தேன்?"

"இப்பப் பேசுறேன்ல. ஒவ்வொரு வருஷமும் எனக்காகன்னு சொல்லிட்டுத் தூக்குறீங்க. ஏதாச்சும் ஆச்சின்னா அதுவும் எனக்காகத்தானே? அத நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ரபேல் காலை ஸ்டூலில் நகர்த்தி வைத்தார். பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

திருநாளுக்கு முந்தின வாரம் சனிக்கிழமை ஆலயத்தைத் துப்புரவு செய்யப் போக வேண்டும். அரிசி மூட்டையையும் பருப்பையும் அன்றைக்கே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று இருவரும் புறப்பட்டார்கள். ரபேல் ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் நிறுத்தினார். டொரத்தி அரிசி மூட்டையைத் தூக்கிப் பின்னாலிருந்த கேரியரில் தொப்பென்று போட்டாள். அவ்வளவுதான், முன் சக்கரம் விருட்டென்று மேலே கிளம்பியது. அவள் பதறிப்போய் ஹேண்டிலைப் பிடித்து அமுக்கினாள்.

"பாத்தியா, உனக்கும் வருது" என்று ரபேல் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ரொம்ப முக்கியம். கயித்தக் கட்டுங்க."

மதியத்துக்கெல்லாம் ஆலயத்தில் ஒட்டடை அடித்து, தரை கழுவி, சொரூபத்தின் கண்ணாடிக் கூண்டைத் துடைத்தாயிற்று. தோட்டம் என்று பெயர்தானே தவிர லயன் வீடுகள் எல்லாம் இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். ஆலயமும் அதன் முன்னால் ஒரு செம்மண் திடலும், பழைய தண்ணீர்த் தொட்டியும்தான் மிச்சம். காலையில் பெய்த மழை வெயிலில் ஆவியாகிக்கொண்டிருந்தது. தொலைவில் எண்ணெய் ஆலையிலிருந்து செம்பனை வேகும் வாடை அடித்தது. மற்றவர்கள் கட்டிக் கொண்டுவந்த மீ கோரெங் நூடுல்ஸைத் தின்றுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். டொரத்தி கை கழுவிக்கொண்டு திரும்பினால் ரபேல் ஸ்கூட்டரில் உட்கார்ந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்கிறார்.

"ஒரே ஒரு தடவ. டயரு எப்படிப் புடிக்குதுன்னு பாத்துக்கிறேன்."

"எறங்குங்க."

"கையில பிரேக்கு இருக்கு டொரத்தி. பயப்படாத."

முன் சக்கரம் மேலே போய்விட்டால் அதைக் கீழே கொண்டுவருவது பின் பிரேக்தான் என்று டொரத்திக்குத் தெரியும். வேண்டா வெறுப்பாகக் கேட்டுக் கேட்டே இத்தனை வருஷத்தில் பாதி ரெம்பிட் ஆகியிருந்தாள். அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பின் பிரேக்கைத் தொட வேண்டும், மூக்கு இறங்கிவிடும். தொடத் தவறினால் மோட்டார் ஆளோடு பின்னால் கவிழும். எல்வின் தவறவிட்டது அதைத்தான்.

ஸ்கூட்டர் உறுமிக்கொண்டு வந்தது. ரபேல் பின்னால் சாய்ந்து ஹேண்டிலை வெட்டி இழுத்தார். தடித்த சக்கரம் செம்மண்ணை உதறிக்கொண்டு மேலே எழும்பியது. முதல் தடவையாக டொரத்தி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்துகொள்ள அண்டா இல்லை. சக்கரம் நெஞ்சுயரம் வந்தது, அதற்கும் மேலே போனது. அவர் வலது கால் பலகையை ஓங்கி மிதிப்பதைப் பார்த்தாள். மறுபடி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. கப்சாயில் வாழ்நாளெல்லாம் அந்த இடத்தில் இருந்த பிரேக் இதில் இடது கையில் இருந்தது. காலுக்கு அது தெரியவில்லை. ஸ்கூட்டர் அவர் தொடைகளுக்கு நடுவிலிருந்து நழுவிப் போய் விழுந்து உருண்டது. ரபேல் பின்புறம் தரையில் படத் தொப்பென்று உட்கார்ந்தார்.

டொரத்தி ஓடினாள். சிலிப்பர் எங்கோ பறந்து கிடந்தது. கட்டுத் துணி செம்மண் அப்பிக் கிடந்தது, அதன் ஓரத்தில் ஈரமாக ஒரு சிவப்பு. மண்ணா ரத்தமா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். ரத்தம்தான்.

"வழுக்கிருச்சி" என்றார் ரபேல். "மழை பேஞ்ச மண்ணு."

"வழுக்கல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கால வச்சி மிதிச்சீங்க."

அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் காலைக் கழுவினாள். தன் துப்பட்டாவின் சுத்தமான முனையால் அழுத்திப் பிடித்தாள். துணி நனைய நனையக் கோபம் இன்னும் ஏறியது.

"ஒன்னு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கு அந்தோணியாருகிட்ட என்னா சொன்னீங்க? சொன்னத அப்படியே சொல்லுங்க."

"தெரிஞ்சதுதானே."

"அப்படியே சொல்லுங்கங்கிறேன்."

ரபேல் கூண்டுக்குள்ளிருந்த சொரூபத்தைப் பார்த்தார். "பிள்ளையக் குடுத்துருங்க. என்னால முடியிற வரைக்கும் வருஷா வருஷம் உங்க முன்னால தூக்கிக் காட்டுறேன்னேன்."

"முடியிற வரைக்கும்."

"ஆமா."

"அப்ப முடியலன்னு சொல்லிட்டா நேர்த்தி முடிஞ்சிச்சி. ஃபாதர் வேணாம், ரொட்டி வேணாம். இந்த ஒரு வார்த்தைக்கா இத்தன பாடு?"

"நீ லேசா சொல்லிட்ட." அவர் மண்ணைக் கையால் அளைந்தார். "பஸ்ஸு போச்சி. யார்டுல நேத்து வந்த பையன் எல்லாம் 'அங்கிள், நீங்க உக்காருங்க, நாங்க கழுவுறோம்'ங்கிறான். உன் கையாலதான் கால் கழுவுறேன். என்கிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒன்னுதான் டொரத்தி. வருஷத்துல ஒரு நாளு, ஒரு நிமிஷம். அதுவும் முடியலன்னு நானே போயிச் சொல்லணுமா?"

டொரத்திக்கு இரக்கமாகவும் வந்தது, இரண்டு அறை கொடுக்கலாம் போலவும் வந்தது. "காலு போனா அப்புறம் எதத் தூக்குவீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டி வந்தாள். கண்ணாடி உடைந்து தொங்கியதைத் தவிர அதற்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்து எழுந்து ஓடத்தானே அதைச் செய்திருக்கிறார்கள். மனிதரை அப்படிச் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் நல்ல வேளையாக மேலோடுதான் பிய்ந்திருக்கிறது என்றார்கள். மருந்து கொடுத்து, இன்னொரு தடவை இப்படி வந்தால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா ஏசினார். ரபேல் "ஓக்கே ஓக்கே" என்றார். அன்றிலிருந்து டொரத்தி பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைத்தாள், கட்டுப் போட்டாள், சீனி பார்க்க விரலில் ஊசி குத்தினாள். வாயை மட்டும் திறக்கவில்லை. திட்டித் திட்டிச் சலித்துப்போயிருந்தது. திட்டாமல் இருப்பது அதைவிடக் களைப்பாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியே போர்ச்சைப் பார்த்தாள். ரபேல், ஓடாத ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்ப்பார், இடது கையால் பிரேக்கை அழுத்துவார். மறுபடி சாய்வார், அழுத்துவார். கை சரியாகத்தான் அழுத்தியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கட்டுப் போட்ட வலது காலும் கூடவே போய்ப் பலகையை மிதித்தது. அவர் கண்ணைத் திறந்து காலைப் பார்த்தார். காலை நகர்த்திப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி முயன்றார். அது அங்கேயிருந்தும் மிதித்தது. சொல் பேச்சுக் கேட்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது ஜன்னலில் அவள் நிற்பது தெரிந்தது. டொரத்தி வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

திருநாளன்று அவள் விடியும் முன்னே மற்றப் பெண்களோடு வேனில் ஏறி ஆலயத்துக்குப் போய்விட்டாள். தால்சா அவள் பொறுப்பு. கத்திரிக்காய், மாங்காய், எலும்பு எல்லாம் போட்டு அண்டாவில் கொதிக்கவிட்டாள். ஜோஆன் விடிகாலையில் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி நேரே அங்கே வந்து சேர்ந்தாள். கோழிப் பிரட்டலும் அன்னாசிப் பச்சடியும் தயாராக இருந்தன. பூசை முடிந்து, சப்பரம் செம்பனை நிழலில் ஆலயத்தைச் சுற்றி வந்து நின்றது. அதுவரை ரபேலைக் காணவில்லை. வராமலே போய்விடட்டும் என்று டொரத்தி மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"வந்துட்டாரு நம்ம அண்ணன்" என்று கமலநாதன் மைக்கில் முழங்கினார். "வழி விடுங்க, வழி விடுங்க. பிள்ளைங்களப் புடிச்சிக்குங்க."

கும்பல் இரண்டாகப் பிரிந்தது. போன்களெல்லாம் மேலே போயின. ஜோஆன் அம்மாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். டொரத்தி வழக்கம்போல் அண்டாவுக்குள் குனியப் பார்த்தாள், முடியவில்லை. அவர் காலில் ஆஸ்பத்திரிச் சப்பாத்து இருந்தது. முதல் தடவையாகப் போட்டிருந்தார், வாரை இறுக்கிக் கட்டி.

ஸ்கூட்டர் சீறிக்கொண்டு வரவில்லை. பசாருக்குப் போவதுபோல் மெல்ல வந்து, சொரூபத்துக்கு நேரே நின்றது. ரபேல் என்ஜினை அணைத்தார். இறங்கி, நடு ஸ்டாண்டைப் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது.

"அண்ணன் ரெண்டு வார்த்த பேசிட்டுத் தூக்குவாரு" என்று கமலநாதன் மைக்கைக் கொண்டுபோய் அவர் வாயருகே நீட்டினார்.

ரபேல் மைக்கைப் பார்க்கவே இல்லை. சொரூபத்தைப் பார்த்துத்தான் பேசினார். அது ஒலிபெருக்கியில் திடல் முழுக்கக் கேட்டது.

"அந்தோணியாரே. பிள்ளைய நல்லா வச்சிருக்கீங்க. நானும் சொன்ன சொல்லுக்கு இத்தன வருஷம் வந்தேன்." நிறுத்தினார். மூச்சு வாங்குவது கேட்டது. "முடியிற வரைக்கும்னுதான் சொன்னேன். முடியல. இனிமே முடியல."

ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கிய போன்களை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் யாரோ, "தூக்கலையா?" என்று மெல்லக் கேட்டார்கள்.

மாதக் கணக்காக டொரத்தி கேட்கத் தவம் கிடந்த சொல் அது. கேட்டதும், ஊர் முன்னால், ஒலிபெருக்கியில், தலை கவிழ்ந்து அந்த மனிதர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிற இந்தச் சனத்தின் மேல் கோபம் வந்தது. ஒரு சாதாரண மெழுகுவர்த்தியை நேர்ந்துகொள்ளத் தெரியாத அந்த இளவட்ட ரபேலின் மேல் கோபம் வந்தது. இத்தனை வருஷம் நிமிர்ந்தே பார்க்காத தன் மேலும் வந்தது. அகப்பையை அண்டாவுக்குள்ளேயே போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"தள்ளுங்க."

"டொரத்தி, இரு, என்னா..."

"தள்ளி நில்லுங்கன்னேன்."

ஸ்கூட்டருக்குப் பின்பக்கம் போனாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அரிசி மூட்டையைப் போட்ட அதே கேரியரில், முதுகைத் திருப்பி, தன் முழுக் கனத்தோடும் தொப்பென்று உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் முனகியது. பின் சக்கரம் தரையை அழுத்த, முன் சக்கரம் மண்ணை விட்டு மேலே கிளம்பி, அந்தோணியாருக்கு நேரே அந்தரத்தில் நின்றது.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஃபாதர் கில்பர்ட் அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. ஜோஆன் ஓடி வந்து முன்னால் மண்டியிட்டு அந்தத் தடித்த சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அது செம்மண் உதிர உதிரச் சுழன்றது. அப்புறம்தான் கும்பல் ஓவென்று கத்தியது, எந்த வருஷமும் கத்தாத கத்து.

"கமலண்ணே, மைக்க ஆஃப் பண்ணுங்க" என்றாள் டொரத்தி. "நேர்த்தி ஆயிருச்சி. எல்லாரும் சாப்பிட வாங்க."

அவர் ஆஃப் பண்ணவில்லை. அதுவும் திடல் முழுக்கக் கேட்டது.

ரபேல் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவளுக்கு நீட்டினார். முகம் முழுக்க நனைந்திருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. அண்டாப் பக்கமிருந்து அடிப்பிடிக்கிற வாடை வந்தது.

"அடுத்த வருஷமும்..." என்று ஆரம்பித்தார்.

"அடுத்த வருஷம் ரெண்டு காலோட வந்து நில்லுங்க. போதும். மத்தத நான் உக்காந்து பாத்துக்கிறேன்."

அவர் கையைப் பிடித்து இறங்கினாள். முன் சக்கரம் மெல்லத் தரையைத் தொட்டது. டொரத்தி திரும்பிப் பார்க்காமல் தால்சாவைக் கிண்டப் போனாள்.